ஜார்ஜ்டவுனில் இலவசத் திறந்தவெளி இசை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்தால் போதும், இலவச இசை நிகழ்ச்சி எப்போது, எங்கே, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா, கார் எங்கே நிறுத்துவது என்று கேள்விகள் வரத் தொடங்கிவிடும். வருடா வருடம் அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால். பெரும்பாலும் மலேசியாவின் பினாங்குத் தீவையும் அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனையும் பற்றியது. கோலாலம்பூருக்கு ஒரு கேள்வி தனியாக இருக்கிறது.

ஃப்ரீன்னு போடுறாங்க. நிஜமாவே ஃப்ரீயா, உள்ள போனதும் காசு கேட்பாங்களா?

மூன்று வகை உண்டு. தெருவை மறித்தோ திடலில் மேடை போட்டோ நடத்துவது முதல் வகை. வேலியும் இல்லை, வாசலும் இல்லை. நடந்து போய் நின்று கேட்கலாம். இரண்டாவது வகைக்கு இணையத்தில் பெயர் பதிய வேண்டும். காசு கிடையாது, ஆனால் இடம் குறைவு. மூன்றாவதுதான் பலரை ஏமாற்றுவது: விழா ஒன்றே, சுவரொட்டியும் ஒன்றே, ஆனால் பெரிய மேடைக்குச் சீட்டு, பக்கத்து மேடைகள் மட்டும் இலவசம். 2010-இல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் விழா இப்படிக் கலந்துதான் நடக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே கட்டணம் என்ன போட்டிருக்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

'உலக இசை விழா' என்ற பெயரைப் பார்த்து இலவசம் என்று முடிவு கட்ட வேண்டாம். சரவாக்கில் 1998 முதல் நடக்கும் மழைக்காட்டு உலக இசை விழாவுக்குச் சீட்டு வாங்க வேண்டும். பினாங்கு உலக இசை விழா, தாவரவியல் பூங்காவை அடுத்த பழைய கல்குவாரிப் பூங்காவில் நடந்த காலத்தில், அதற்கும் சீட்டு இருந்தது.

இங்க சம்மரே கிடையாதே. எந்த மாசம் நடக்கும்?

ஜூலையும் ஆகஸ்டும்தான் உச்சம். ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது 2008 ஜூலை 7. அந்த நாள் பினாங்கில் பொது விடுமுறை, அதை ஒட்டிய நாள்களில் பழைய நகரத் தெருக்களில் மரபுக் கலை நிகழ்ச்சிகள் இலவசமாக நடக்கும். பாடாங் கோத்தாவில் நடக்கும் ஜப்பானியர்களின் போன் ஓடோரி நடன விழாவும் வழக்கமாக ஜூலையில்தான். தைக்கோ முரசுக்காகவே அதைப் பார்க்கப் போகலாம்.

ஆகஸ்டை ஒட்டிச் சீனர்களின் ஏழாம் மாதம் வரும், தெருவோர மேடைகள் பத்தடிக்கு ஒன்று முளைக்கும் (அவற்றுக்கு ஒரு தனி விதி உண்டு, கீழே பாருங்கள்). பிறகு டிசம்பர் கடைசி, சீனப் புத்தாண்டு. ரமலான் மாதத்தில் ஏறக்குறைய எதுவும் இருக்காது. ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருப்பதால், போன ஆண்டு நாள்காட்டியை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

எந்தெந்த இடத்துல நடக்கும்?

பாடாங் கோத்தா லாமா திடல்தான் பெரிய கூட்டத்துக்கு. நகர மண்டபம் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், கார்ன்வாலிஸ் கோட்டை ஒரு பக்கம். கோட்டைக்குள் சிறிய திறந்தவெளி அரங்கு இருக்கிறது. கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் உள்ளதால் அங்கே நடப்பது எல்லாமே இலவசம் என்று எண்ண வேண்டாம். தெரு நிகழ்ச்சிகள் ஆர்மேனியன் ஸ்திரீட், பீச் ஸ்திரீட், லிட்டில் இந்தியாவின் குயின் ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம். குர்துவாரா சாலையில் உள்ள ஹின் பஸ் டிப்போவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின்போது சிறு குழுக்கள் வாசிக்கும். பெருங்கூட்டம் பிடிக்காதவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

ஏழரைன்னு போட்டிருக்கு, ஆனா எட்டரை ஒன்பதுக்குத்தான் பாட்டு ஆரம்பிக்குது. ஏன் இப்படி?

ஏற்பாட்டாளர் சோம்பேறி என்பதால் அல்ல. மஃரிப் (அந்தித் தொழுகை) பாங்கு நேரத்தில் மேடை ஒலி நிறுத்தப்படும். பினாங்கில் ஜூலையில் மஃரிப் ஏறக்குறைய 7.40, இஷா (இரவுத் தொழுகை) 9 மணிக்குச் சற்று முன்பு. நவம்பரில் மஃரிப் 7 மணியை ஒட்டி வந்துவிடும், இஷா எட்டேகாலுக்குள். ஆக, ஜூலை நிகழ்ச்சி ஒன்றில் '7.30' என்று போட்டிருந்தால் அது வாசல் திறக்கும் நேரம், அல்லது பேச்சுகளுக்கான நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம். இசை 8.15, 8.30-க்கு. பிறகு இஷாவுக்கு ஐந்து பத்து நிமிடம் மறுபடியும் நிற்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் லாபம் உண்டு. மஃரிப் இடைவேளையில் பாதிக் கூட்டம் சாப்பிட எழுந்து போகும். அப்போது முன்னால் நகர்ந்து இடம் பிடிக்கலாம். கழிப்பறை வரிசையோ அந்நேரம்தான் மிக நீளம், ஆகவே அதற்கு முன்பே போய் வந்துவிடுங்கள். அமைச்சரோ முதலமைச்சரோ வருகிறார் என்றால் மேலும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை எந்த நிரலும் சொல்லாது.

மழை வந்தா கேன்சலா?

தூறலுக்கு நிற்காது. கனமழை என்றால் முதலில் ஒலிபெருக்கிகளை மூடிவிட்டு 30 முதல் 45 நிமிடம் வரை காத்திருப்பார்கள். மேடைக்குத் தண்ணீர் அடித்தால் மின் இணைப்பைத் துண்டித்தே ஆக வேண்டும். திரும்பத் தொடங்கும்போது நிரல் சுருங்கியிருக்கும். கடைசிக் குழு முழு நேரம் வாசிக்கும், நடுவில் உள்ள உள்ளூர்க் குழுக்களுக்குத்தான் வெட்டு விழும். உங்கள் சொந்தக்காரர் பையன் நடுவில் வாசிக்கிறான் என்றால் மழை நாளில் அவனிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், ஒப்பிட்டால் மழை குறைவு. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்தான் நனைக்கும். வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலியில் 'மாலையில் இடியுடன் மழை' என்று இருந்தால் மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். குடை வேண்டாம். பின்னால் இருக்கும் இருபது பேருக்கு அது சுவர்.

இடி மின்னல்னா கூடாரத்துக்குள்ள நின்னா போதும்தானே?

போதாது. கூடாரத்தின் இரும்புக் கால்கள் ஆபத்தைக் கூட்டும். மேடைச் சட்டம், விளக்குக் கோபுரம், தனி மரம் எதுவும் பாதுகாப்பு அல்ல. திடலில் நீங்கள்தான் உயரமான பொருள். கட்டடத்துக்குள் போங்கள், அல்லது கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்காருங்கள்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை ஆகும் வினாடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, உடனே கிளம்ப வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே திடலுக்குத் திரும்புங்கள். அறிவிப்பாளர் 'யாரும் போக வேண்டாம், இப்போது தொடங்கிவிடுவோம்' என்றாலும் இதுதான் கணக்கு.

கார் எங்க நிப்பாட்டுறது?

மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தெரு நிகழ்ச்சி என்றால் மதியமே சாலையை மூடத் தொடங்குவார்கள். காலையில் நிறுத்திய காரும் உள்ளே மாட்டிக்கொள்ளும், இல்லையென்றால் இழுத்துச் செல்லப்படும். கொம்தார் கோபுரக் கட்டடத்தில் நிறுத்திவிட்டு இலவச கேட் (CAT) பஸ்ஸில் வருவதுதான் நிம்மதி; அது கொம்தாருக்கும் வெல்ட் கீக்கும் நடுவே பழைய நகரைச் சுற்றி ஓடுகிறது. சாலை மூடிய நாளில் கேட் பஸ்ஸும் பாதை மாறும், அப்போது கொம்தாரிலிருந்து ஆர்மேனியன் ஸ்திரீட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. சாலையோரத்தில் நிறுத்தினால் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியில் பணம் கட்ட வேண்டும், முன்கூட்டியே கணக்குத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கிரேப் வாடகைக் கார் கூப்பிடுவதால் விலை ஏறும். மூன்று நான்கு தெரு தள்ளி நடந்து போய்க் கூப்பிடுங்கள். மூடிய சாலைக்குள் வண்டி வர முடியாததால், மேடைக்கு எதிரே நின்று கூப்பிட்டால் ஓட்டுநர் ரத்து செய்துவிடுவார்.

பட்டர்வொர்த்துல இருந்து வர்றோம். பாலமா, ஃபெர்ரியா?

பாதசாரி, மோட்டார் சைக்கிள் என்றால் ஃபெர்ரி. இறங்கும் இடத்திலிருந்து பீச் ஸ்திரீட் நடை தூரம். 2023 முதல் ஓடும் புதிய படகுகளில் கார் ஏற்ற முடியாது, பழைய நினைப்பில் காரோடு போய் நிற்காதீர்கள். காசு நோட்டு வாங்குவதில்லை. டச் அன் கோ அட்டையோ வேறு மின்னியல் கட்டணமோ வைத்திருங்கள். போவதைவிடத் திரும்புவதுதான் பிரச்சினை: நிகழ்ச்சி முடியும் நேரமும் கடைசிப் படகும் அடுத்தடுத்து வரும். அன்றைய கடைசிப் படகு நேரத்தைத் துறைமுகப் பலகையில் பார்த்துக்கொண்டே உள்ளே போங்கள்.

காரில் வந்தால் பாலம்தான். சுங்கம் தீவுக்கு வரும் திசையில் மட்டும். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் சுங்கமே இல்லை. கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் வருபவர்களும் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரி எடுக்கலாம், நிலையமும் படகுத்துறையும் பக்கத்தில்தான்.

பாய், நாற்காலி, சாப்பாடு கொண்டு போகலாமா?

திடலில் பாய் சரி. புல் மாலையிலேயே ஈரமாகிவிடும், ஆகவே கோரைப்பாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். மடக்கு நாற்காலி என்றால் உட்காரும் உயரம் தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கும் வகையை எடுத்து வாருங்கள். உயரமான முகாம் நாற்காலியோடு முன்வரிசைக்குப் போனால் கெட்ட பேர்தான் மிஞ்சும். தெரு நிகழ்ச்சிக்கு நாற்காலியே வேண்டாம், விரிக்க இடம் இருக்காது.

தாப்பாவ் பண்ணின (பொட்டலம் கட்டின) நாசி கண்டார் சோறு எல்லா இடத்திலும் செல்லும். கண்ணாடிப் புட்டி, மது, கரி அடுப்பு செல்லாது. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும், மாலை ஆறு மணிக்கும் சிமெண்டுத் தெரு சூடு கக்கும். அடுத்தது கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் அதிகமாகக் கடிப்பது சூரியன் மறைவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரத்தில், அதாவது நீங்கள் இடம் பிடித்துக் காத்திருக்கும் அதே நேரத்தில். கொசு மருந்தை வீட்டிலேயே பூசிக்கொண்டு வாருங்கள்.

கைக்குழந்தை இருக்கு. சத்தம் தாங்குமா?

பெரிய மேடைக்கு முன்னால் தாங்காது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கான அளவுகோல். மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும்: 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்குப் பதினைந்தே நிமிடம். இது வளர்ந்தவர்களுக்கான கணக்கு. பொழுதுபோக்கு இடங்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன உச்சவரம்பும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான். ஒலிபெருக்கி அடுக்குக்கு முன்னால் நின்றால் அதை எளிதில் தாண்டும்.

குழந்தைக்குக் காதை முழுதும் மூடும் தலைக்கவச வகை வாங்குங்கள். பஞ்சு வைப்பது வீண், சத்தத்தை அது குறைப்பதே இல்லை என்று சொல்லலாம். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், ஆக 10 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்குப் போனாலே 12 குறைந்துவிடும். பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் குழந்தைக்கு ஆகாது. கைத்தொலைபேசியின் டெசிபல் செயலிகள் ஐந்து பத்து பிசகும்; ஒரு குறிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்ப எங்க உட்கார்ந்தா நல்லா கேட்கும்?

ஒலிக் கலவை மேசைக்குப் பக்கத்தில். திடலின் நடுவில் சிறு கூடாரம் போட்டு, விளக்கு மின்ன ஒருவர் பொத்தான்களைத் திருகிக்கொண்டிருப்பாரே, அந்த இடம். அவர் தன் காதுக்குச் சரியாகக் கேட்பதைத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறார். அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டில் உட்காருங்கள். முன்வரிசையில் முகம் தெரியும், பாட்டு தெளியாது: ஒலிபெருக்கிகள் தலைக்கு மேலே உங்களைத் தாண்டிப் பேசும், கீழே தரையில் கிடக்கும் பாஸ் பெட்டி மட்டும் வயிற்றில் இடிக்கும்.

பின்னால் உட்கார்ந்தால் முரசுக்காரர் கை விழுந்த பிறகே சத்தம் வரும். கோளாறு இல்லை, நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர்தான் போகும், 70 மீட்டர் தள்ளி இருந்தால் 0.2 வினாடி தாமதம். பெரிய திடலில் நடுவே இன்னொரு ஒலிபெருக்கிக் கோபுரம் வைத்து, அதன் ஒலியை அதே அளவு தாமதப்படுத்தி விடுவார்கள். அப்படிச் செய்யாத இடத்தில் எதிரொலி போல இரட்டையாகக் கேட்கும். பாடாங் கோத்தாவில் கடற்காற்று திசை மாறும்போது உயர்ந்த ஸ்வரங்கள் வந்து வந்து போவதும் உண்டு. அதற்கு மருந்து இல்லை, முன்னால் நகர்வதைத் தவிர.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. முடியுமா?

திடலைவிடத் தெரு நிகழ்ச்சி எளிது, தரை சமம். மழை பெய்த திடலில் சிறு முன்சக்கரங்கள் புதையும். பழைய கடைவீட்டு ஐந்தடிப் பாதைகளில் வீட்டுக்கு வீடு படி உயரம் மாறுவதால் அவற்றை நம்பாதீர்கள், மூடிய சாலையின் நடுவிலேயே தள்ளிக்கொண்டு போங்கள். ஏற்பாட்டாளருக்கு இரண்டு நாள் முன்பே செய்தி அனுப்பினால் கலவை மேசைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்குவார்கள். அது நல்ல இடம் என்பதைத்தான் இப்போது சொன்னோம்.

ஆகஸ்ட்ல தெருவுல சீனப் பாட்டு மேடை. முன் வரிசை நாற்காலி எல்லாம் காலியா கிடக்கு. உட்காரலாமா?

உட்காராதீர்கள். சீனர்களின் ஏழாம் மாதத்தில் போடும் 'கோ-தாய்' மேடைகள், கூத்து, பொம்மலாட்டம் எல்லாம் முதலில் அந்த மாதத்தில் வந்து போகும் ஆவிகளுக்காக. மனிதர்கள் கூட இருந்து பார்க்கிறார்கள். முன்வரிசை அந்த ஆவிகளுக்கு ஒதுக்கியது. இரண்டாவது வரிசையிலிருந்து யார் வேண்டுமானாலும் அமரலாம், சீனர் அல்லாதவரை யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. தரையில் இருக்கும் படையல், ஊதுவத்தி, எரிந்த காகிதச் சாம்பல் இவற்றை மிதிக்காமல், தாண்டாமல் சுற்றிப் போங்கள். சாவு வீட்டுக்கும் கருமாதிக்கும் முறை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேர்ல்ட் மியூசிக்னா என்ன கேட்கக் கிடைக்கும்? எனக்குச் சினிமாப் பாட்டுதான் தெரியும்.

அந்தப் பெயர் இசைத்தட்டு வியாபாரிகள் ஒட்டியது. மேற்கத்திய பாப்புக்கும் செவ்வியல் இசைக்கும் வெளியே உள்ள எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் போட்டார்கள். இங்கே மேடையில் அடிக்கடி வருவது சாப்பே. சரவாக்கின் கென்யா, காயான் பழங்குடி மக்களின் படகு வடிவ நரம்புக் கருவி, ஒரே மரத்தைக் குடைந்து செய்வது. முன்பு நோய் தீர்க்கும் சடங்கில் இரண்டு நரம்போடு வாசித்தது, இப்போது மூன்று நான்கு எஃகுத் தந்தியும் மின் இணைப்பும். ஒரே தந்தியில் ராகம் ஓட, மற்றவை சுருதியாக ரீங்கரிக்கும். தம்புரா பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து 24 பருவ முரசு. பார்ப்பவர்கள் சீனாவிலிருந்து வந்தது என்று நினைப்பார்கள். உருவானது 1988-இல் ஜொகூர் பாருவில். சீன நாள்காட்டியின் 24 பருவங்களின் பெயரை ஆளுக்கொரு முரசில் எழுதியிருப்பார்கள். கொம்பாங் (கை முரசு), கம்புஸ் (நரம்புக் கருவி), கமெலான் (வெண்கல மணித்தட்டுக் குழு) எல்லாம் வரும்.

தமிழர்கள் தவறவிடக் கூடாதது போரியா. பினாங்குக்கே உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களோடு முஹர்ரம் வழக்கமாக வந்து, மலாய் மொழிக்கு மாறி வளர்ந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. முதலில் நகைச்சுவை நாடகம், பிறகு பாட்டு: தலைவர் ஓர் அடி பாட, வரிசையாக நிற்கும் குழு அதைத் திருப்பிப் பாடி ஆடும். மலாய் புரிந்தால் முதல் பாதியில் வயிறு வலிக்கச் சிரிக்கலாம், அரசியல்வாதிகள் தலையும் உருளும்.

நம்ம இசை எதுவும் வராதா?

வரும், ஆனால் பெரும்பாலும் பரதநாட்டியத்தின் பின்பாட்டாகவோ ஐந்து நிமிட உறுமி மேளமாகவோ சுருங்கி வரும். முழுதாகக் கேட்க வேண்டுமென்றால் விழா மேடையை விடுங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் போகும் செட்டியார் வெள்ளி ரதத்தோடு நடந்து பாருங்கள். நாதஸ்வரமும் தவிலும் மணிக்கணக்கில் திறந்தவெளியில், சீட்டு இல்லாமல். பினாங்கில் இதைவிட நீண்ட இலவசக் கச்சேரி வேறு இல்லை என்பது எங்கள் கருத்து. விழா மேடையில் நம் இசைக்கு நேரம் குறைவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம், விண்ணப்பிக்கும் குழுக்கள் குறைவு. அதற்குத்தான் கீழே மேடை பற்றிய கேள்வி.

நாங்க கேஎல்ல இருக்கோம். அங்க?

டத்தாரான் மெர்டேக்காவிலும் பாசார் செனி வளாகத்திலும் திறந்தவெளி நிகழ்ச்சிகள் நடக்கும். முதலாவதற்கு மஸ்ஜிட் ஜாமெக், இரண்டாவதற்கு பாசார் செனி எல்ஆர்டி நிலையம். மலேசியர்களுக்கு கோ கேஎல் பஸ் இலவசம். பாங்கு, மழை, இடம் பற்றி மேலே சொன்னவை அங்கும் பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு: கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமழை நான்கிலிருந்து ஏழு மணிக்குள் கொட்டுவது அடிக்கடி நடக்கும். ஐந்து மணி நிகழ்ச்சியைவிட எட்டரை மணி நிகழ்ச்சி பிழைக்க வாய்ப்பு அதிகம்.

புகைமூட்டம் இருந்தா போகலாமா?

சுற்றுச்சூழல் துறையின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். 100 வரை பரவாயில்லை. 101 முதல் 200 வரை ஆரோக்கியக் குறைவு. இளைப்பு நோய் உள்ளவர், குழந்தை, முதியவர் வீட்டில் இருக்கட்டும். 200-ஐத் தாண்டினால் யாரும் வேண்டாம், அந்த அளவில் நிகழ்ச்சியையே பெரும்பாலும் தள்ளி வைத்துவிடுவார்கள். துணி முகக்கவசம் புகைத்தூளை வடிகட்டாது.

பெயர் பதிஞ்சும் இடம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நியாயமா?

இலவசப் பதிவு செய்பவர்களில் நிறையப் பேர் வருவதில்லை. அதனால் இருக்கையைவிடக் கூடுதலாகப் பதிவு எடுப்பார்கள், தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு வராதவர் இடத்தை வாசலில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நிபந்தனையில் சிறிய எழுத்தில் அது இருக்கும். அரை மணி நேரம் முன்பே போங்கள். பதியாதவர்களுக்கு இதே வழிதான் வாய்ப்பு.

இன்னொன்று: 'இலவசச் சீட்டு, பதிவுக் கட்டணம் 10 வெள்ளி (ரிங்கிட்) மட்டும்' என்று வாட்ஸ்ஆப்பில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். வங்கி விவரம் கேட்கும் இலவச நிகழ்ச்சி எதுவும் இல்லை. கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே வங்கியையும் 997 எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தையும் அழையுங்கள். முதல் சில மணி நேரம் முக்கியம்.

வீடியோ எடுத்து யூடியூப்ல போடலாமா?

ஒன்றிரண்டு நிமிடத் துண்டுகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. முழுப் பாட்டையும் போட்டால் தானியங்கி முறையில் உரிமைக் கோரிக்கை வரலாம். மலேசியச் சட்டப்படி பாடலின் பதிப்புரிமை அதை ஆக்கியவர் இறந்த பிறகும் 50 ஆண்டு நீடிக்கும். திறந்தவெளியில் பாடியதால் அது பொதுச்சொத்து ஆகாது. பழைய கீர்த்தனை, நாட்டுப்புறப் பாட்டு என்றால் பாடலுக்குச் சிக்கல் இல்லை, வாசித்த கலைஞரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். சடங்கு சார்ந்த நிகழ்ச்சியில் விளக்கு அடித்துப் படம் எடுக்காதீர்கள். கூட்டத்துக்கு மேல் டிரோன் விடச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணைய அனுமதி வேண்டும்.

எங்க உறுமி மேளக் குழு மேடை ஏறணும். என்ன செய்யணும்?

விழாவுக்கு ஆறு ஏழு மாதம் முன்பு விண்ணப்பம் கேட்பார்கள். மூன்று நிமிடக் காணொளி, ஒரு பக்கக் குழு விவரம், மேடை வரைபடம், கருவிப் பட்டியல் இவ்வளவும் வேண்டும். கோயில் விழாவில் கூட்டத்துக்கு நடுவே எடுத்த காணொளியை அனுப்பாதீர்கள், அதில் எதுவும் கேட்காது. வெளிச்சமான இடத்தில் குழுவை நிற்க வைத்து, ஒரே கோணத்தில் வெட்டாமல் எடுங்கள். கருவிப் பட்டியலில் 'உறுமி 4, தப்பு 3, தவில் 1, பாடகர் 2' என்று எண்ணிக்கை வேண்டும். அதை வைத்துத்தான் எத்தனை மைக் என்று ஒலிக்காரர் முடிவு செய்வார்.

ஒலிச் சோதனைக்குக் கிடைப்பது 15 நிமிடம். உறுமியைத் தெரியாத ஒலிக்காரர் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் மைக் வைப்பார். உயிரே தேய்க்கும் பக்கத்தில்தான் என்பதைச் சொல்லி, வளைந்த குச்சி உரசும் தோலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாழ்ந்த முனகல், மேடைமீது திரும்பிப் பார்த்திருக்கும் ஒலிபெருக்கியில் ஏறினால் 'ஊ' என்று ஊளையிடத் தொடங்கும். ஆகவே அந்தப் பெட்டியில் உறுமியைக் குறைத்துப் பாடகரை மட்டும் கூட்டச் சொல்லுங்கள், உறுமிக்காரருக்கு உறுமி எப்படியும் கேட்கும். தோல் கட்டிய தப்பு இரவு ஈரத்தில் தளரும். மேடைக்குப் பின்னால் நெருப்பு மூட்டிக் காய்ச்ச விடமாட்டார்கள். தலைமுடி உலர்த்தியும் நீண்ட மின்கம்பியும் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் தோல் என்றால் இந்தக் கவலை இல்லை, ஆனால் ஒலிபெருக்கியில் அதன் சத்தம் தகரமாக இருக்கும்.

தைப்பூசத்துக்கு ஒரு தவில் வித்துவான் தமிழ்நாட்டுல இருந்து கோயிலுக்கு வந்திருக்காரு. அவரையும் எங்களோட விழா மேடைல ஏத்திடலாமா?

அப்படியே ஏற்ற முடியாது. கோயில் வேலைக்காகக் கொடுத்த பாஸ் அந்த வேலைக்கு, அந்தக் கோயிலுக்கு மட்டும். சுற்றுலா விசாவில் வந்தவரும் பொது மேடையில் வாசிக்கக் கூடாது, சம்பளம் வாங்காவிட்டாலும் சரி, நிகழ்ச்சி இலவசமானாலும் சரி. வெளிநாட்டுக் கலைஞருக்கு புஸ்பால் (வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு) அனுமதியும், அதை வைத்துக் குடிநுழைவுத் துறை தரும் பாஸும் வேண்டும். தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. பதிவு பெற்ற உள்ளூர் நிறுவனம் வழியாகப் போக வேண்டும். விழா ஏற்பாட்டாளர் ஏற்கெனவே வேறு வெளிநாட்டுக் குழுக்களுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் இவர் பெயரையும் அதில் சேர்க்கக் கேட்பதே சுலபம். கடவுச்சீட்டு நகல், பாடப்போகும் உருப்படிகள், உடை, மேடை விவரம் எல்லாம் கேட்பார்கள். குறைந்தது இரண்டு மாதம் முன்பு தொடங்குங்கள். இது இல்லாமல் ஏற்றி, சோதனைக்கு வந்தால் மாட்டுவது வித்துவான்: அடுத்த முறை அவருக்குப் பாஸ் கிடைக்காது, அவரை அழைத்த கோயிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.